பெட்டியை அணைத்த பிறகு

“ஒரு வருஷமாச்சு. ‘தண்ணி’ன்னு ஒரு வார்த்தை வருதா பாருங்க இவளுக்கு!”

சாப்பாட்டு மேஜை மேலிருந்த மொழிபெயர்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் டீச்சர் ஆரம்பித்தார். எதிரே வெளிநாட்டு மருமகள், காதில் குட்டிக் கருவியோடு பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா பேசு” என்றார் கணவர்.

“எதுக்கு? பெட்டியை அணைச்சாச்சு. இனி நம்ம பேச்சு அவளுக்கு வெறும் சத்தம்தான்.”

பெட்டி ஓடினால்தான் இவர்கள் பேசுவது அவள் மொழியில் அவள் காதுக்குப் போகும். அவள் பேசுவது தமிழில் பெட்டியிலிருந்து வரும்.

டீச்சரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் அந்நிய மொழி சொல்லிக்கொடுத்தவர். மருமகளின் மொழி அல்ல, வேறொன்று. இந்தக் கருவி வந்ததும் அந்தப் பாடத்தையே தூக்கிவிட்டார்கள். அதே கருவி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தால் வயிறு எரியாதா?

“நானே தமிழ் சொல்லித்தர்றேம்மா” என்று வந்த புதிதில் ஆசையாகத்தான் கூப்பிட்டார்.

“தங்களுக்கு எதற்குச் சிரமம் அத்தை? இதுதான் இருக்கிறதே” என்று செய்தி வாசிப்பது போல் பதில் சொன்னது பெட்டி.

அன்றிலிருந்து தினமும் அர்ச்சனைதான்.

“துப்புக் கெட்டவ. எனக்கு முட்டி வலி உயிர் போகுது, ஏன்னு கேக்க நாதியில்லை” என்று அன்றைய கணக்கை முடித்தார்.

மறுநாள் காலையில் கட்டிலில் வெந்நீர்ப் பை இருந்தது. மகன் வைத்திருப்பான். பெற்ற பிள்ளை பிள்ளைதான்.

மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம். வீட்டில் மட்டும் அவள் மாட்டிக்கொள்ளும் காதுக் கருவி அலமாரியிலிருந்து விழுந்து கிடந்தது. கவனிக்காமல் டீச்சர் மிதித்துவிட்டார். மேல் மூடி உடைந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். “நீங்க மிதிச்சதுல மேல் மூடிதாம்மா உடைஞ்சிருக்கு. ஆனா இது செத்து எட்டு மாசமாச்சே!”

“என்ன சொல்றீங்க? என் மருமக தினம் இதைத்தானே மாட்டிக்கிறா! நாங்க எது கேட்டாலும் டக்குனு பதில் சொல்றாளே!”

“அப்போ உங்க பேச்சு அவங்களுக்கு நேராவே புரியுதும்மா.”

டீச்சர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மாசம்! ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். புரிகிறது என்று காட்டிக்கொண்டால் மாமியார் கூசிப்போவாரே என்று, செத்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சிரித்திருக்கிறாள். வெந்நீர்ப் பை யார் வைத்தது என்பதும் இப்போதுதான் விளங்கியது.

“உள்ளேயும் ரிப்பேர் பண்ணிடவாம்மா?”

“வேண்டாம். மூடியை மட்டும் ஒட்டிக் கொடுங்க.”

வீட்டுக்கு வந்து, அலமாரியில் பழைய இடத்திலேயே அதை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் வழக்கம்போல் பெட்டியை அணைத்தார். ‘ஆரம்பிச்சிட்டியா’ என்பது போல் பார்த்தார் கணவர்.

“ஏங்க, இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தினேன். நம்ம மருமக மாதிரி ஒரு ஸ்டூடண்ட் எனக்குக் கிடைச்சதே இல்லை.”

அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த மருமகளின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.