நெட்டையின் கையுறைகள்

“நம்ம நெட்டை மேல உங்களுக்கு அப்படி என்னய்யா பகை?”

பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார் ஃபோர்மேன். மின்கம்பங்களில் ஏறி வேலை செய்யும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர்; நெட்டை அவர்களில் ஒருவன்.

பரிசோதகர் நிமிரவில்லை. ரப்பர் கையுறை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

“எல்லார் கையுறையிலயும் ஒரு தடவை கரண்ட் ஏத்திப் பார்க்கறீங்க. தாங்கினா கொடுத்துடறீங்க. அவனோடதை மட்டும் தாங்கின பிறகும் விடாம வாட்டி எடுக்கறீங்க. இப்படித் திரும்பத் திரும்ப ஏத்தினா நல்ல ரப்பர்கூடப் பொத்துக்குமே!”

“பொத்துக்கட்டும். இங்க பொத்துக்கிட்டா தொட்டியோட போச்சு. கம்பத்து மேல பொத்துக்கிட்டா?”



பரிசோதகர் தடுப்புக் கதவைச் சாத்திவிட்டு மெல்லக் குமிழைத் திருகினார். மீட்டர் முள் ஏறி அசையாமல் நின்றது.

“பாருங்க, கல்லு மாதிரி நிக்குது. போதும், விடுங்கய்யா.”

அவர் விடவில்லை. காத்திருந்தார்.

படீர்!

தொட்டிக்குள் ஒரு பொறி வெட்டியது. இணைப்பைத் துண்டித்து, கையுறையை வெளியே எடுத்தார். கட்டைவிரல் இடுக்கிலிருந்து நூல் போலத் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“ரப்பருக்குள்ள காத்துக் குமிழி இருந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது” என்றவர், இனி யாரும் அதை மாட்டிவிடக் கூடாதென்று கத்தரிக்கோலால் விரல்களை வெட்டிப் போட்டார்.

பிறகு புதிய ஜோடி ஒன்றை எடுத்து, அதையும் வாட்டி எடுத்தார். அது தாங்கியது. உள்ளே விரல் விரலாகத் துணி விட்டுத் துடைத்தார்.

ஃபோர்மேனின் குரல் தணிந்தது. “அவன் வெளியிலதான் நிக்கறான். கூப்பிடறேன், உங்க கையாலயே கொடுங்களேன்.”

“வேண்டாம்! அவன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

“அப்போ பகை இருக்கறது நிஜம்தானா?”

“நிஜம்தான்” என்று கையுறைகளை ஃபோர்மேனிடம் நீட்டினார் பரிசோதகர். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் பொண்ணைக் கட்டிக்கிட்டவன். ஆனா, சாயங்காலம் அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறவ என் பொண்ணாச்சே!”