பின்பலகை

எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு இரட்டை மரம், மேலே தகடு, பதினாறு போல்ட். ஒரு மாதம் கடலுக்குப் போகாமல் தன் சின்ன அலுமினியப் படகைத் திருத்திய நாகேந்திரம், அதை ஹெந்தளைக் கரையில் சோதனைக்கு நிறுத்தினார்.

கடலுக்குப் போக பாஸ் கொடுக்கும் அதிகாரி பலகையை உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“எட்டு ஹோர்ஸ் பவர் எஞ்சினுக்கு இவ்வளவு பலமா? பெரிய எஞ்சின் பூட்டி, ஆருக்குக் களவாய்ச் சாமான் ஏத்தப் போறாய்? பாஸ் இல்லை!”

“ஐயோ சேர், இந்தப் பலகையோட மாரடிச்சே நான் செத்துப்போனன்!”

“ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?”

நாகேந்திரம் போன மாதக் கடிதத்தை நீட்டினார். ‘பின்பலகை பலவீனம். பலப்படுத்தும்வரை பாஸ் இல்லை.’ கீழே இதே அதிகாரியின் கையெழுத்து.

அதிகாரி வாசித்தார். நாலாய் மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லு, ஆர் சொன்னது?”