கோணல்கால் குதிரை

கல்லூரி மண்சிற்ப வகுப்பின் அலமாரியில் ஒரு மண்குதிரை காய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னங்கால் எந்த உடற்கூற்று நூலிலும் இல்லாத கோணல். சூளைக்குப் போனால் நிலைக்கலாம்; இல்லையென்றால் தண்ணீர் வாளியில் கரைய வேண்டியதுதான் என்று அதற்குத் தெரியும்.

அதைச் செய்த மாணவி இந்துஜா, தன் அனுபவக் குறிப்பை வகுப்பில் வாசித்தாள்: "இந்தக் கோணல்கால் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது. இதை என்றும் மறக்க மாட்டேன்."

வகுப்பே கைதட்டியது.

"கேட்டாயா? சூளைக்கு என்னைத்தான் எடுப்பாள்," என்றது குதிரை, பக்கத்துக் கிண்ணத்திடம்.

"கைதட்டியது குறிப்புக்கு, அப்பனே," என்றது கிண்ணம்.

மாலையில் இந்துஜா கிண்ணத்தைச் சூளையில் வைத்தாள். குதிரையை வாளியில் போட்டாள். கோணல்கால்தான் முதலில் கரைந்தது.

"மறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாளே!" என்றது குதிரை, கழுத்தளவு தண்ணீரில்.

அடியில் கிடந்த சேறு நகர்ந்து இடம் கொடுத்தது. "எழுதுவாள், தம்பி. போன மாதம் நான் யானையாக இருந்தபோது என் தும்பிக்கைக்கும் அப்படித்தான் எழுதினாள்."