மேசைக்கு வரும் பாட்டில்

"அந்தப் பாட்டில வெளிய எடுத்து வைங்க. வேணும்னா கப்பல்லயே வாங்கிக்கிடலாம்."

மாரித்தாய் இப்படிச் சொன்னதும் தங்கசாமியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒயின் பாட்டிலை அவள் பார்த்துவிட்டாள் என்பதுகூடப் பெரிதில்லை. பார்த்த பிறகும் வீடு இரண்டுபடவில்லையே, அதுதான் அவருக்குப் புரியவில்லை.

தென்காசி வட்டாரத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் தங்கசாமி. டப்பாவுக்குள் கிடக்கும் டோக்கனை ஒன்றுவிடாமல் துடைத்து எடுத்துச் சேர்த்ததில், இந்த வருஷம் கம்பெனி பரிசுப் பட்டியலை நீட்டியது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இல்லாவிட்டால் கொச்சியில் ஏறி மூன்று நாள் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடலில் சுற்றி வரலாம். கல்லில் துணி அடித்தே தோள்பட்டை இறங்கிப்போன மாரித்தாய், கப்பல்தான் வேண்டும் என்றாள். ஐந்தருவியில் கால் நனைக்கவே பயப்படுகிறவள். அன்றைக்கே அவருக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

பாட்டிலைக் கொடுத்தவர் பெயிண்ட் கடை நமசிவாயம் அண்ணாச்சி. கப்பலுக்குள் ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கொண்டுபோக விடுவார்கள், ரூமிலேயே உட்கார்ந்து குடித்துக்கொள்ளலாம், உள்ளே வாங்கினால் ஒரு கிளாஸுக்கே ஒரு நாள் கூலி போய்விடும் என்று விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று தங்கசாமியின் வாய் சொன்னது, கை வாங்கிக்கொண்டது.

அவர் குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. குற்றாலநாதர் சன்னதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான், செங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த மாரித்தாய் திரும்பி வந்தாள். இன்னொரு தடவை வாயில் பட்டால் இந்தப் படியை மிதிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினாள். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே மகன் தேவா போய்விட்டிருந்தான். அப்பனின் பாட்டிலை முற்றத்தில் போட்டு உடைத்துவிட்டு, இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போனவன். எங்கே இருக்கிறான் என்று தங்கசாமி இதுவரை கேட்டதில்லை. கேட்க அவருக்கு முகம் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு இவளே கப்பலில் வாங்கலாம் என்கிறாள்.

"நெசமாத்தான் சொல்லுதியாட்டி?"

"நெசமாத்தான்."

"உள்ள ஒரு கிளாஸு என்ன வெலன்னு கேட்டியா?"

"கேக்க வேண்டிய எடத்துல எல்லாம் கேட்டாச்சு. நம்ம பாட்டில்னா நாமளே தொறந்து நாமளே ஊத்திக்கிடணும். அங்கன வாங்குனா, ஊத்துததுக்குன்னே ஒரு ஆளு மேசைக்கு வருவான். கூப்பிட்டா வரமாட்டேன்னு அவன் சொல்ல முடியாது."

யார் ஊற்றினால் இவளுக்கென்ன என்று தங்கசாமிக்குத் தலை சுற்றியது. யோசித்து யோசித்துக் கடைசியில், இவள் நம்மைச் சோதித்துப் பார்க்கிறாள் என்ற முடிவுக்கு வந்தார். பாட்டிலை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்ட்டில் பஸ்ஸுக்குள் ஏறிய போலீஸ்காரர் பைகளைத் திறக்கச் சொன்னார். இவர்கள் பையில் தேங்காய் எண்ணெயும் முறுக்கும்தான் இருந்தன. பாட்டில் கீட்டில் இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, இல்லை சார், அங்கே போய் வாங்கிக்கொள்வோம் என்று மாரித்தாய் பளிச்சென்று சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் தங்கசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடுத்து வச்சவருய்யா நீரு."

தங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கப்பல் ஏறிய மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு ஹாலில் மாரித்தாய் கல்யாணப் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். தட்டைச் சுற்றிக் கிடந்த கரண்டிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பரிமாற வந்த பெண்ணைக் கூப்பிட்டு, மெனு அட்டையில் இருந்த ஒயினை விரலால் தொட்டுக் காட்டினாள். பதினாலு மாதமும் இந்த ஒரு மேசையில் கரைந்துவிடும் போலிருந்தது அவருக்கு. ஒரே மூச்சில் தன் எதிரில் இருந்த கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு வேண்டாம் மாரி. நீ சோதிச்சது போதும். நான் குடிக்க மாட்டேன்."

மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க குடிக்க மாட்டியன்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் ஆர்டரே போட்டேன்."

அப்படியானால் யாருக்கு இந்த ஒயின் என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள், பக்கத்தில் பளபளப்பான கறுப்பு ஷூ வந்து நின்றது. வெள்ளைத் துணி சுற்றிய பாட்டிலோடு குனிந்து, "உங்க ஒயின், சார்" என்று ஆரம்பித்தவன், கவிழ்ந்திருந்த கிளாஸைப் பார்த்தான். நிமிர்ந்து தங்கசாமியின் முகத்தைப் பார்த்தான்.

"ஏலே தேவா, அதை அங்கிட்டு வச்சிட்டு ஒங்கப்பாவுக்குக் குடிதண்ணி ஊத்துலே," என்றாள் மாரித்தாய். "பதினாலு மாசமா அவுக அதத்தான் குடிக்காவ."