கௌரிக்கு ஒரு வயது

"பாப்பாவுக்கு எத்தனை வயசு ராயரே?"

"இன்னிக்குத்தான் ஒண்ணு நிறையுது தாயி" என்றார் பக்கத்தில் இருந்தவர். சேஷகிரி என்று பெயர் சொன்னார். நரைத்த மீசை. தாமதமாகப் பிறந்த குழந்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் நயனா.

ஷிவமொக்காவில் மழை இரண்டு நாளாக விடவில்லை. தடுப்பூசி அறைக்கு வெளியே பெஞ்சில் அரைத்தூக்கத்தில் இருந்தாள் அவள். மடியில் மூன்று மாதப் பையன். போன ஊசிக்கு வந்த காய்ச்சலை நினைத்து, பேசாமல் ஊருக்கே, தீர்த்தஹள்ளிக்கு, பஸ் ஏறிவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாக்கு மரங்கள் பாலில் கரைந்தாற்போல் நின்றன.

"குழந்தை எங்கே?"

"கௌரியா? கூட்டத்துல உக்கார வைக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். கார்ல தூங்கறா, என் தங்கை துணைக்கு இருக்கா."

"ரொம்ப நோஞ்சானா?"

"ஏன் கேக்கறே! பதினெட்டு நாள் கண்ணாடி அறைக்குள்ளே. நான் வெளியே நின்னு பாத்துட்டே இருப்பேன். மூச்சு விடறப்ப போர்வை மேலே ஏறும் இல்லே, அதை எண்ணிக்கிட்டே நிப்பேன்."

அவர் குரல் மழையோடு மழையாக, தாலாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது.

"வாயெல்லாம் புண்ணு. எச்சில் முழுங்கவே அழுவா. கஞ்சித் தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா கொடுப்பேன், குடிச்ச வேகத்துல கக்கிடுவா. தலையில ஒரு முடி கிடையாது. இப்பத்தான் சுருட்டை சுருட்டையா வருது."

"நடக்கறாளா?"

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா. போன வாரம் சமையல்கட்டு வரைக்கும் தானா வந்துட்டா. நான் அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டேன்."

நயனா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அவ அம்மா வரலையா?"

"அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா. குளிப்பாட்டறது, தலை துவட்டறது எல்லாம் நான்தான்."

"எங்க வீட்டுக்காரர் பால் புட்டியைக்கூடக் கழுவ மாட்டார். நீங்க என்னன்னா..." என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஊசி போட்டா காய்ச்சல் வருமேன்னு பயமா இல்லையா?"

"காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிடும் தாயி. போன வருஷம் பட்ட பயத்துக்கு முன்னாடி அது எம்மாத்திரம்?"

நயனா பையனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பஸ் நினைப்பு எங்கோ போய்விட்டது.

"கௌரி! யாரும்மா கௌரி?" நர்ஸ் கதவிலிருந்து கூப்பிட்டாள்.

சேஷகிரி எழுந்து வாசலுக்கு ஓடினார். அந்தத் தாயில்லாக் குழந்தையின் சுருட்டை முடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று நயனாவும் எழுந்து நின்றாள்.

அவர் தோளில் சாய்ந்து, முகக்கவசம் அணிந்து, பட்டுப்புடவையில் மெல்ல அடியெடுத்து வந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயதிருக்கும். "என் சம்சாரம். புத்துநோய்க்கு ஸ்டெம் செல் மாத்தி இன்னிக்கு ஒரு வருஷம். அதுல, சின்ன வயசுல போட்ட தடுப்பூசி எதுவுமே உடம்புக்கு ஞாபகம் இல்லையாம், எல்லாம் முதல்லேருந்து போடணும்" என்று சேஷகிரி சொல்லி முடிப்பதற்குள், கௌரி நயனாவின் பையனிடம் குனிந்து கேட்டாள்: "எனக்குப் பயமா இருக்குடா, நீ முதல்ல போறியா?"