காசின் விளிம்பில்

புதூர் ஆட்டுக்காரி பெருமாயி, கரிசல் வெடிப்பில் கிடைத்த செப்புக்காசைத் தௌலத் பேகத்திடம் கொண்டுவந்தாள். தௌலத் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். 1958 கோடை, அனல்காற்றுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தௌலத்தின் கணவர் கொழும்புத் தோணியோடு மூழ்கி நாலு வருஷமாகியிருந்தது.

புளி போட்டுத் தேய்த்ததும் எழுத்துகள் தெளிந்தன. ஒரு பக்கம் கலிமா. மறுபக்கம் ஏதோ சுல்தானின் பெயர், அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஹிஜ்ரி ஆண்டு. விளிம்பில் மட்டும் அரபு எழுத்தில் தமிழ் இருந்தது: “தௌலு, கதவத் தொற.”

கணவர் மட்டுமே அவளைத் தௌலு என்பார்.

“என்னக்கா எழுதியிருக்கு?”

“ஊர் பேரு.”

தௌலத் எழுந்து கதவைத் திறந்தாள். தெருவில் யாருமில்லை. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்; பிறகு கதவைச் சாத்தினாள்.

“உக்காருங்க மச்சான், சோறு எடுத்து வைக்குதேன்.”

பெருமாயி உட்கார்ந்திருந்த பாயின் மறுமுனை நனையத் தொடங்கியது.