இடிபாடும் டீசலும்

நிலநடுக்கத்தில் சரிந்த வட சிரிய ஊரில், கூடாரத்துக்குள் உதவி அமைப்புகளின் கூட்டம் நடக்கிறது. மீட்புக் குழுவின் ரிஹாப் வாசலில் நிற்கிறாள். முகமெல்லாம் சிமெண்ட் தூசி. "இடிபாட்டுக்குள்ளேருந்து இன்னும் தட்டுற சத்தம் கேக்குது. பொக்லைனுக்கு டீசல் குடுங்க, போதும்!" கூட்டத்திலிருந்த ஓர் அதிகாரி கனிவாகத் தலையாட்டுகிறார். "எங்க பொறுப்பு போர்வை மட்டும்தான், தங்கச்சி. எரிபொருளுக்கு வேற அமைப்பு. நாளைக்கு வருவாங்க." "அதுவரைக்கும் தட்டிக்கிட்டே இருங்கன்னு சொல்லவா?" ரிஹாப் திரும்பி வெளியே வருகிறாள். அங்கே அமைப்புகளின் வண்டிகள், வண்டிக்குள் கதகதப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக, வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன. புகை பனியில் கலைகிறது. அவள் அதையே பார்க்கிறாள். பொக்லைன் ஓட்டும் ஹைசமைக் கூப்பிடுகிறாள். "அண்ணே, டியூபும் கேனும் எடுத்துட்டு வாங்க." முதல் வண்டியின் டாங்க் மூடியைத் திருகி, டியூபை விட்டு உறிஞ்சுகிறாள். வாயெல்லாம் டீசல், துப்புகிறாள். வண்டியோட்டி கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறான். எஞ்சினை அணைக்கிறான்.